கைப்பிரதியும் செம்மையாக்குநரும்: முதல் நாவலை எழுதி முடித்தவருக்கான நடைமுறைகள்

வில்லியனூர், பாகூர் போன்ற, கொம்யூன்கள் எனப்படும் புதுவை நிர்வாகப் பிரிவுகளின் கிராமங்களில் இருந்துகொண்டு ஒரு நாவலையோ சிறுகதைத் தொகுப்பையோ எழுதி முடித்தவர், அதைப் பதிப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் தம் சொந்தச் செலவில் ஒரு செம்மையாக்குநரிடம் கொடுத்துச் சீர்செய்துகொள்ளலாமா, கொடுத்தால் எதை எதிர்பார்க்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கு இந்த இயல் விடை கூறுகிறது. செம்மையாக்குநர் என்ற சொல், பேச்சில் எடிட்டர் எனப்படுபவரையே குறிக்கிறது. அவர்களுள் எந்தப் பதிப்பகத்தின் ஊதியத்திலும் இல்லாமல் எழுத்தாளரிடமே நேரடியாகக் கட்டணம் பெற்றுப் பணிசெய்பவர் சுயாதீனச் செம்மையாக்குநர் எனப்படுகிறார். பதிப்பகத்தில் பணியாற்றும் செம்மையாக்குநருக்கு நூலை ஏற்கவும் மறுக்கவும் ஓரளவு அதிகாரம் உண்டு. சுயாதீனச் செம்மையாக்குநருக்கோ ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு என்பதால், அவர் கைபட்ட பிரதியின் ஒவ்வொரு வரிக்கும் இறுதிப் பொறுப்பு எழுத்தாளரையே சேர்கிறது. கேட்பது செம்மையாக்குநரின் வேலை, முடிவுசெய்வது எழுத்தாளரின் வேலை என்ற இந்தப் பிரிவினையை இருவரும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால், பின்னால் எழும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை எழாமலே போகும்.

1. நான்கு வகைப் பணிகள்

எடிட்டிங் என்ற ஒரே சொல்லால் வழங்கப்பட்டாலும், கைப்பிரதியின் மேல் செய்யப்படும் பணிகள் நான்கு வகைப்படும். அவற்றுக்கான நேரமும் கட்டணமும் திறமையும் வேறு வேறானவை. முதலாவது கட்டமைப்புச் செம்மை: கதை எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பாத்திரம் பாதியில் காணாமற்போகிறது, எந்த அத்தியாயம் நகராமல் நிற்கிறது, யாருடைய பார்வையில் கதை சொல்லப்படுகிறது என்பனவற்றை முழுப் பிரதியையும் படித்துவிட்டு ஓர் அறிக்கையாக எழுதித் தருவது. இரண்டாவது நடைச் செம்மை: வாக்கியம் வாக்கியமாகச் சென்று, கூறியது கூறலையும் தேய்ந்த சொற்றொடர்களையும் குரல் மாறும் இடங்களையும் சுட்டுவது. மூன்றாவது படிச் செம்மை: பெயர், வயது, உறவுமுறை, நாள், கிழமை ஆகியவற்றின் முரண்களையும், சந்தி, ஒற்று, நிறுத்தக்குறி ஆகியவற்றின் ஒழுங்கையும் பார்ப்பது. நான்காவது மெய்ப்புத் திருத்தம்: பக்கம் வடிவமைக்கப்பட்ட பின்னர், அச்சுக்குப் போகும் முன், எஞ்சியுள்ள எழுத்துப் பிழைகளைக் களைவது, அச்சகங்களில் புரூஃப் பார்ப்பது என்று சொல்லப்படுவது இதுதான்.

தமிழ்ப் பதிப்புச் சூழலில் நெடுங்காலமாக நான்காவது பணி மட்டுமே தனித் தொழிலாக நிலைபெற்றிருந்ததால், எழுத்தாளர் முதலாவதைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருக்க, செம்மையாக்குநர் நான்காவதைச் செய்து அனுப்பிவிடுவதும், எழுத்தாளர் பிழைதிருத்தத்தை மட்டும் எதிர்பார்த்திருக்க, செம்மையாக்குநர் மூன்று அத்தியாயங்களை நீக்கச் சொல்வதும் அடிக்கடி நேர்கின்றன. இரண்டிலும் குறை எவருடைய திறமையிலும் இல்லை. எந்தப் பணி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்காததில்தான் இருக்கிறது. நான்கையும் மேற்சொன்ன வரிசையிலேயே செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாளை நீக்கப்படவிருக்கும் அத்தியாயத்தில் இன்று ஒற்றுப்பிழை பார்ப்பது காசையும் உழைப்பையும் வீணாக்குவதாகும்.

2. எழுத்தாளர்களின் அனுபவம் சொல்வது

தமிழ்ப் புனைவில் செம்மையாக்கம் என்ன சாதிக்கும் என்பதற்கு, 1974ஆம் ஆண்டு எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா பதிப்பகம் முதன்மையான சான்றாகும். தற்காலத் தமிழுக்கென ஓர் அகராதியை 1992இல் வெளியிட்ட அப்பதிப்பகம், சொல்லின் பொருளிலும் வாக்கியத்தின் தெளிவிலும் காட்டிய அக்கறையைப் புனைவு நூல்களிலும் காட்டியது. சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள் 1981இலும், பூமணியின் வெக்கை 1982இலும், இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994இலும் அங்கிருந்தே வெளிவந்தன. இம்மூன்றின் மொழியும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை என்பதைப் புதிய எழுத்தாளர் கூர்ந்து கவனிக்க வேண்டும். முதலாவது தர்க்கமும் பகடியும் கலந்த அறிவாளர் நடையிலும், இரண்டாவது கரிசல் மண்ணின் பேச்சிலும், மூன்றாவது புதுவைக்கு அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்தின் கிராமத்து மொழியிலும் அமைந்திருக்கின்றன. ஒரே பதிப்பகத்தின் வழியாக வந்தும் அவரவர் குரல் அவரவருக்கே உரியதாக எஞ்சியது என்பதே நல்ல செம்மையாக்கத்தின் அடையாளம். இமையம் தம் எழுத்தின் வளர்ச்சியில் ராமகிருஷ்ணனுக்கு இருந்த பங்கைப் பொதுவெளியில் நன்றியுடன் குறிப்பிட்டிருக்கிறார். கிராமத்து வாழ்வை எழுதுபவருக்கும் நுணுக்கமாகப் படிக்கும் இன்னொரு கண் தேவை என்பதை அந்த உறவு காட்டுகிறது.

எதிர்ப்பக்கத்து அனுபவமும் உண்டு. அமெரிக்கச் சிறுகதையாசிரியர் ரேமண்ட் கார்வரின் தொகுப்பு ஒன்று 1981இல் வெளியானபோது, அவருடைய செம்மையாக்குநர் கார்டன் லிஷ் சில கதைகளில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை வெட்டியும் முடிவுகளையும் தலைப்புகளையும் மாற்றியும் இருந்தார். நூல் அச்சுக்குப் போகும் முன் 1980ஆம் ஆண்டு ஜூலையில் பணியை நிறுத்திவிடும்படி கார்வர் கடிதம் எழுதி மன்றாடியும் நூல் பெரும்பாலும் லிஷ் வெட்டிய வடிவிலேயே வந்தது. அது பெரும் புகழையும் பெற்றது. கார்வர் 1988இல் மறைந்தார். அவருடைய மூல வடிவம் தனி நூலாக வெளிவர 2009 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த வரலாற்றிலிருந்து ஊர்ப்புற எழுத்தாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் இரண்டு: வெற்றிபெற்ற திருத்தம்கூட எழுத்தாளருக்கு இழப்பாக அமையலாம் என்பதால் திருத்தத்தின் எல்லையைப் பணி தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும், திருத்தப்படாத மூலப் பிரதியை எந்நிலையிலும் அழிக்காமல் நாளிட்டுத் தனியே வைத்திருக்க வேண்டும். இதழில் வந்த வடிவத்துக்கும் நூலில் வந்த வடிவத்துக்கும் உள்ள வேறுபாடுகளை ஒப்பிட்டு ஆ. இரா. வேங்கடாசலபதி புதுமைப்பித்தன் கதைகளுக்குச் செம்பதிப்புக் கொண்டுவர முடிந்ததற்கு, பல வடிவங்கள் அழியாமல் கிடைத்ததும் ஒரு காரணம்.

3. பிரதியை ஆயத்தம் செய்தல்

கையால் எழுதி ஊர்க் கடைத்தெருவிலுள்ள டிடிபி நிலையத்தில் தட்டச்சு செய்துகொள்ளும் எழுத்தாளர், அங்கே நேர்ந்த தட்டச்சுப் பிழைகளைத் தம் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத் தாமே திருத்திய பிறகே செம்மையாக்குநரிடம் கொடுக்க வேண்டும்; இல்லையேல் செம்மையாக்குநரின் கவனமும் எழுத்தாளரின் பணமும் வேறொருவரின் பிழைகளுக்குச் செலவாகும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பிரதியை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஒருங்குறி என்பது எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே மாதிரி திறக்கும் பொதுக் குறியீட்டு முறையாகும். மாற்றும்போது மேற்கோள்குறிகளும் கிரந்த எழுத்துகளும் இடம்மாறுவதுண்டு என்பதால், மாற்றிய பிரதியை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி ஆகிய எழுத்துப்பிழை, சந்திப்பிழை திருத்திகளில் இட்டுப் பார்ப்பதும் முதற்கட்டப் பிழைகளைக் குறைக்கும். ஆனால் உரையாடலில் வரும் பேச்சுச் சொற்களை அவை பிழையென்றே காட்டும் என்பதால், காட்டியவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடக் கூடாது.

அடுத்துச் செய்ய வேண்டியது, வேறு எந்த ஆயத்தத்தையும்விடப் பயன்தருவது, பிரதியுடன் இரண்டு இணைப்புகளைச் சேர்ப்பது. முதல் இணைப்பு வட்டாரச் சொற்பட்டியல். பாகூர் கொம்யூனின் கிராமங்கள் கடலூர் மாவட்டத்தோடும், வில்லியனூரின் கிராமங்கள் விழுப்புரம் மாவட்டத்தோடும் பின்னிக் கிடப்பதால், இப்பகுதியின் பேச்சு நடுநாட்டு வழக்கோடு உறவுடையது. அதனோடு பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற கொம்யூன், சொல்தா போன்ற சொற்களும் கலந்திருக்கின்றன. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் செம்மையாக்குநர், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவரைக் குறிக்கும் சொல்தா என்பதை எழுத்துப்பிழை என்று எண்ணுவதற்கு இடமுண்டு. அத்தகைய சொற்களையும் அவற்றின் பொருளையும் எந்தப் பாத்திரம் அவற்றைப் பேசும் என்பதையும் ஓரிரு பக்கங்களில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஐயம் தீரும். கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி இப்பட்டியலைத் தயாரிக்கத் துணைசெய்யும்; புதுவையில் நெடுங்காலம் வாழ்ந்த கி. ராஜநாராயணன் தம் கரிசல் மண்ணுக்காக உருவாக்கிய வட்டார வழக்குச் சொல்லகராதியை முன்மாதிரியாகக் கொள்ளலாம். அகராதியில் இல்லாத சொற்களுக்கு ஊர்ப் பெரியவர்களே சான்று.

இரண்டாம் இணைப்பு கால அட்டவணை. கதையின் நிகழ்ச்சிகளையும் பாத்திரங்களின் வயதையும் ஆண்டு வாரியாக எழுதி, அவற்றின் அருகில் ஊரின் வரலாற்று நிகழ்ச்சிகளையும் குறிக்க வேண்டும். இந்தியா 1947இல் விடுதலை பெற்றபோது புதுவை பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்த பின்னரே, நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. எனவே 1950ஆம் ஆண்டு பாகூரில் நடக்கும் கதையில் அரசு அலுவலகத்தில் இந்திய மூவண்ணக் கொடி ஏறினால் அது எழுத்தாளரின் பிழை. அதே ஆண்டில் பக்கத்து ஊருக்குப் போகும் பாத்திரம் நாட்டின் எல்லையைக் கடப்பதாக எழுதியிருந்தால், அதைத் தவறென்று நீக்குவது செம்மையாக்குநரின் பிழை. கால அட்டவணை இருவரையும் காக்கும்.

4. தேர்வும் கட்டணமும்

செம்மையாக்குநரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை நூல்களில் பணியாற்றினார் என்பதைவிட, எத்தகைய நூல்களில் பணியாற்றினார் என்பதே முக்கியம். கட்டுரை நூல்களையும் பாடநூல்களையும் மட்டும் செம்மைப்படுத்திப் பழகியவர், கிராமத்து உரையாடலை எழுத்து வழக்குக்கு மாற்ற முற்படுவது இயல்பு. ஆகவே முழுப் பிரதியையும் ஒப்படைக்கும் முன், உரையாடல் மிகுந்த பத்துப் பக்கங்களை அனுப்பி மாதிரித் திருத்தம் செய்து தரக் கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கப்பட்டால் கொடுப்பதே முறை. மாதிரியில் பார்க்க வேண்டியது திருத்தங்களின் எண்ணிக்கையை அன்று. திருத்தியதற்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா, ஐயம் எழுந்த இடத்தில் தாமே மாற்றாமல் கேள்வியாக எழுதியிருக்கிறாரா, எழுத்தாளர் சொல்ல வந்ததை விளங்கிக்கொண்டிருக்கிறாரா என்பவையே தேர்வுக்கான அளவுகோல்கள். உங்கள் நாவல் கட்டாயம் வெளியாகும், பரிசு பெறும் என்று உறுதியளிப்பவரைத் தவிர்ப்பது நல்லது. செம்மையாக்கத்தால் பிரதியை மேம்படுத்த முடியுமே தவிர, எந்தப் பதிப்பகத்தின் முடிவையும் வாங்கித்தர முடியாது.

கட்டணம் சொல் கணக்கிலோ, பக்கக் கணக்கிலோ, பதினாறு பக்கம் கொண்ட ஃபாரம் கணக்கிலோ, மொத்தத் தொகையாகவோ பேசப்படுகிறது. பக்கக் கணக்கில் பேசினால் ஒரு பக்கம் என்பது எத்தனை சொற்கள் என்று முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். 50,000 சொற்கள் கொண்ட நாவல், பக்கத்துக்கு 250 சொற்கள் என்று கொண்டால் 200 பக்கங்களாகவும், 200 சொற்கள் என்று கொண்டால் 250 பக்கங்களாகவும் கணக்காகும். அந்த 50 பக்க வேறுபாடு செலவில் கால் பங்கைக் கூட்டிவிடும். சொல் கணக்கில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. முழுக் கட்டமைப்புச் செம்மைக்குப் பொருள்வசதி போதாத நிலையில், பிரதியைப் படித்துக் கருத்தறிக்கை மட்டும் எழுதித் தரும்படி கேட்பதும், அந்த அறிக்கையின்படி எழுத்தாளரே மறுபடி எழுதுவதும் செலவு குறைந்த நல்ல வழியாகும். தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே புதிய நூல்களைக் கொண்டுவருவதால், ஆண்டின் கடைசி மாதங்களில் நல்ல செம்மையாக்குநர்களின் கையில் வேலை குவிந்துகிடக்கும். அவசரமில்லாத வாசிப்பை விரும்புபவர், புத்தகக் காட்சி முடிந்த பின் வரும் மாதங்களில் பிரதியைக் கொடுப்பது உகந்தது.

5. எழுத்து மூலமான உடன்படிக்கை

இருவரும் ஊர்க்காரர்களாக இருந்தாலும், உறவினராகவே இருந்தாலும், ஒரு பக்க அளவிலாவது உடன்படிக்கை எழுதிக்கொள்வது இருவருக்கும் மரியாதை. எந்த வகைப் பணி, எத்தனை சுற்றுகள், எந்த நாளுக்குள் முடிப்பது, கட்டணம் எத்தனை தவணை, ஒருவர் பாதியில் விலகினால் என்ன செய்வது, நூலில் செம்மையாக்குநரின் பெயர் இடம்பெறுமா, பிரதியை வேறு எவருக்கும் காட்டுவதில்லை என்ற உறுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். கட்டணத்தை முன்பணம், முதல் சுற்று முடிந்ததும் ஒரு பகுதி, நிறைவில் மீதி என்று பிரித்துக் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. திருத்தங்கள், சேர்க்கைகள் அனைத்தின் மீதான உரிமையும் எழுத்தாளருக்கே என்ற வரியை மறவாமல் சேர்க்க வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு, உரிமையை மற்றொருவருக்கு மாற்றிக்கொடுத்த பின்னும், படைப்பைத் தம்முடையதென்று கோரவும், தம் மதிப்புக்கும் நற்பெயருக்கும் ஊறு விளைக்கும் வகையில் அது சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் ஆசிரியருக்குத் தனி உரிமை வழங்குகிறது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி பதிப்புரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்து வடிவிலும் கையொப்பத்துடனும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். செம்மையாக்குநருடன் செய்துகொள்ளும் உடன்படிக்கையில் பதிப்புரிமையை மாற்றித்தரும் எந்த வாசகமும் இருக்கக் கூடாது. இருந்தால் கையொப்பமிடும் முன்பு ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. திருத்தப் பிரதி திரும்பி வந்த பின்

வேர்ட் செயலியிலுள்ள மாற்றங்களைத் தடம்காட்டும் வசதியின் வழியாகவோ, கூகுள் டாக்ஸின் பரிந்துரை முறையிலோ திருத்தங்களைப் பெற வேண்டும். அப்போதுதான் எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பது நிறம் மாறித் தெரியும். பிரதி வந்த அன்றே திருத்தங்களை ஏற்கவோ மறுக்கவோ தொடங்காமல், முதலில் எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை படித்துவிட்டுச் சில நாள் விட்டுவைப்பது நன்று. பக்கமெல்லாம் நிறம் ஏறியிருப்பதைக் கண்டதும் முதலில் எழும் வருத்தம், திருத்தத்தின் தகுதியை எடைபோடத் தடையாக நிற்கும்.

பாகூர் ஏரியை மையமாகக் கொண்ட ஒரு நாவலில் பின்வரும் பத்தி இருப்பதாகக் கொள்ளலாம்:

அந்த வருஷம் ஏரி ரொம்பிக் கலங்கல் வழிஞ்சுது. ஏரி நிரம்பியதால் ஊர் மக்கள் அனைவரும் மிகுந்த மகிழ்ச்சியடைந்தனர். ஆனால் செல்லம்மாள் மிகவும் சோகமாக இருந்தாள். ஏனென்றால் போன வருடம் அவள் கணவன் இதே ஏரியில்தான் மூழ்கி இறந்தான்.

இதைப் படிக்கும் தேர்ந்த செம்மையாக்குநர் மூன்று கேள்விகளை எழுப்புவார். முதல் வாக்கியம் ஊர்ப்பேச்சிலும் அடுத்தது செய்தித்தாள் நடையிலும் இருக்கின்றன. கதை சொல்பவரின் குரல் எது? செல்லம்மாளின் துயரம் சொல்லப்பட்டிருக்கிறதே தவிர அவள் அப்போது என்ன செய்தாள் என்பது இல்லையே? கணவனின் சாவு முன் அத்தியாயத்திலேயே வந்துவிட்டதென்றால் இங்கே விளக்கம் வேண்டுமா? ஏரியின் உபரிநீர் வழியும் இடமான கலங்கலை வெளியூர் வாசகர் அறியமாட்டாரென்று அவர் நீக்கிவிட்டால், அது மிகையான திருத்தம். ஏரிப்பாசன ஊரில் அந்தச் சொல்லுக்கு மாற்று இல்லை, வழிந்தது என்ற வினையே பொருளைப் புலப்படுத்தியும் விடுகிறது. கேள்விகளை ஏற்று, கலங்கலைக் காத்துக்கொண்டு, எழுத்தாளர் தாமே இவ்வாறு மாற்றி எழுதலாம்:

அந்த வருஷம் ஏரி ரொம்பிக் கலங்கல் வழிந்தது. ஊரே பார்க்கப் போயிருந்தது. செல்லம்மாள் தெருக்கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வடிவத்தில் செம்மையாக்குநர் எழுதிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவருடைய கேள்விகள் இல்லாமல் அது பிறந்திருக்காது. பொதுவாகச் செம்மையாக்குநர் ஓர் இடம் தடுக்குகிறது என்று சொன்னால் அந்த இடத்தில் ஏதோ குறை இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு அவர் முன்மொழியும் தீர்வு சரியாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே குறிப்பை மதித்து, தீர்வைத் தாமே தேடுவது எழுத்தாளருக்கு ஏற்ற வழி. மறுக்கும் திருத்தங்களுக்குக் காரணத்தை ஒரு வரியில் எழுதி அனுப்ப வேண்டும். அவ்வாறு எழுதும்போது காரணம் கிடைக்காவிட்டால், அந்த மறுப்பை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். சாதிப் பெயர், வசைச்சொல், வழிபாட்டு வழக்கம் போன்றவற்றில் திருத்தம் வந்தால், அது கதைக்காகவா, சர்ச்சைக்கு அஞ்சியா, சட்டச் சிக்கலை எண்ணியா என்பதைச் செம்மையாக்குநரிடமே கேட்டுத் தெளிந்து முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் சுற்று முடிந்ததும், செம்மைப்படுத்திய பிரதியின் சில அத்தியாயங்களையேனும் அந்த ஊர்ப் பேச்சில் வளர்ந்த ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவது கடைசிச் சோதனை. கேட்பவர் எந்த வரியில் இது நம்மூர்ப் பேச்சில்லையே என்று சொல்கிறாரோ, அந்த வரியில் திருத்தம் எல்லை மீறியிருக்கிறது என்று கொண்டு மூலப் பிரதியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

புதுவையின் நகரமும் அதன் பிரெஞ்சுக்கால வரலாறும் பிரபஞ்சனின் நாவல்களால் தமிழ் வாசகருக்கு நன்கு அறிமுகமாகியிருக்கின்றன. அவருடைய வானம் வசப்படும் 1995இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. ஏரிப்பாசனமும் எல்லைக்கோடுகளும் கோயில் தேரும் மாதா திருவிழாவும் கலந்த கொம்யூன் கிராமங்களின் வாழ்வில் இன்னும் எழுதப்பட வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை எழுதுபவர்கள் செம்மையாக்கத்துக்கு அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம், அதற்குத் தம் குரலை அடகு வைக்கவும் வேண்டாம். சொற்பட்டியலையும் கால அட்டவணையையும் உடன்படிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு, நன்றாகக் கேள்வி கேட்கும் ஒருவரைத் தேடிப் பிரதியை ஒப்படைக்க வேண்டும்.